ஃபைபர் படகில் ஓட்டை... எபாக்ஸி போட்டா ஒட்டுமா? ஊட்டி ஏரி முதல் நாகை கடற்கரை வரை தெரிஞ்சுக்க வேண்டியவை!

மே மாதம் வந்தால் ஊட்டி படகு இல்லத்தில் நிற்க இடம் இருக்காது. மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு என எதில் ஏறினாலும் பெரும்பாலும் அது ஃபைபர் படகுதான். பைக்காராவிலும் அதே கதை. கோத்தகிரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மலைப்பாதையில் வந்து, வரிசையில் நின்று, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறும் நமக்கு அந்தப் படகின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள நினைப்பதும் இல்லை.

ஆனால் எந்தப் பழைய ஃபைபர் படகையும் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் கையகலத்துக்கு நிறம் மாறிய திட்டுகள் இருக்கும். அதெல்லாம் ஒட்டுப் போட்ட இடங்கள். அந்த ஒட்டு பிடித்திருக்கிறதா, பிடித்ததுபோல நடிக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சரியாக ஒட்டாத ஒட்டு கரையில் நிற்கும்போது தெரியாது. தண்ணீரில் ஆள் ஏறி, அலை அடித்து, படகு லேசாக வளையும்போதுதான் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும்.

'எபாக்ஸி போட்டு அடைச்சா போதும்' என்பது பலரும் சொல்லும் பதில். அது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

ஃபைபர் படகு என்பது உண்மையில் என்ன?

'ஃபைபர்' என்று நாம் சொல்வது கண்ணாடி இழையைத்தான். நூலாக இழுத்த கண்ணாடியை விரிப்பாகச் செய்து, அதை ரெசினில் ஊறவைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் படிய வைத்தால் காய்ந்ததும் கெட்டியான ஓடு கிடைக்கும். வெளிப்பக்கம் பளபளவென்று நிறத்தோடு இருப்பது ஜெல்கோட். அது அச்சில் முதலில் பூசப்படும் அடுக்கு. படகு வெளியே வரும்போது அதுவே மேல் தோல் ஆகிவிடும்.

இதில் பயன்படும் ரெசின் பெரும்பாலும் பாலியஸ்டர். சட்டைத் துணியில் வரும் பாலியஸ்டரின் சொந்தக்காரன்தான், ஆனால் வேறு வகை. ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்த நிலையில் டின்னில் வரும். பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான வாடை ஸ்டைரீனுடையது. இதில் கோபால்ட் கலந்து, கடைசியாக எம்.இ.கே.பி. என்ற கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதம் சேர்த்தால் ரெசின் சூடாகி, இறுகி, கெட்டியாகும்.

தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இது வந்த கதை சுவாரஸ்யமானது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையைக் கடந்து மணலிலேயே ஏறி நிற்கக்கூடிய படகுகளை வடிவமைக்க முயன்றது. கட்டுமரமும் மர வள்ளமும் மெல்ல மெல்ல ஃபைபருக்கு மாறின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் ஒரே பாய்ச்சலாக நடந்தது. நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தன, புதுப் பட்டறைகள் முளைத்தன, வேகத்தில் தரம் அடிவாங்கியது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, ஃபைபர் படகைச் சரியாகக் கட்டுவது எப்படி என்று பயிற்சிக் கையேடே போட வேண்டிய நிலை வந்தது.

கடற்கரையில் படகு தினமும் மணலில் இழுபடுகிறது. அடிக்கட்டை தேய்கிறது, இழை வெளியே தெரிகிறது, தண்ணீர் உள்ளே போகிறது. அதனால் ஒட்டுப் போடும் வேலை அங்கே வருஷத்துக்கு ஒருமுறை வரும் வேலை இல்லை, வாழ்க்கையின் பகுதி.

அப்போ எபாக்ஸி?

இது வேறு குடும்பம். வீட்டில் இருக்கும் அரால்டைட்டை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு டியூப். எம்-சீலை நினைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நிறத்தில் இரண்டு கட்டி. இரண்டுமே எபாக்ஸிதான். ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். சேர்த்துப் பிசைந்தால் இறுகும்.

படகு வேலைக்கு வருவது இதே சங்கதியின் திரவ வடிவம். இந்தியாவில் கல்லூரி ஆய்வகம் முதல் பட்டறை வரை பரவலாகப் புழங்கும் எல்.ஒய். 556 ரெசினும் எச்.ஒய். 951 ஹார்டனரும் ஓர் உதாரணம். எடையில் 100க்கு 10 என்று கலப்பார்கள். ஒவ்வொரு தயாரிப்புக்கும் இந்த விகிதம் மாறும், டப்பாவில் போட்டிருப்பதே வேதவாக்கு.

இங்கேதான் பல பேர் வழுக்கி விழும் முதல் இடம் வருகிறது. பாலியஸ்டரில் பழகிய கை, 'குளிரா இருக்கு, கேட்டலிஸ்ட் ரெண்டு சொட்டு கூடப் போடு' என்று பழகியிருக்கும். பாலியஸ்டரில் ஓரளவுக்கு அது நடக்கும். ஏனென்றால் அங்கே கேட்டலிஸ்ட் தீப்பெட்டி மாதிரி. பற்றவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், எரிவது ரெசினும் ஸ்டைரீனும். எபாக்ஸியில் ஹார்டனர் தீப்பெட்டி இல்லை, விறகில் பாதி. ரெசினின் ஒவ்வொரு கையும் ஹார்டனரின் ஒரு கையைப் பிடித்தாக வேண்டும். கூடுதலாகப் போட்ட ஹார்டனருக்குப் பிடிக்கக் கை இருக்காது. அது உள்ளேயே தங்கி, ஒட்டை ரப்பர் மாதிரி ஆக்கிவிடும். எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் சரியாகாது. சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் ஒரே வழி.

பாலியஸ்டர் மேல் எபாக்ஸி ஒட்டுமா?

ஒட்டும். நன்றாகவே ஒட்டும். பாலியஸ்டர் மேல் புதிய பாலியஸ்டர் ஒட்டுவதைவிட உறுதியாக ஒட்டும் என்பதுதான் இதில் முக்கியமான சேதி.

ஏன்? புதுப் படகு கட்டும்போது ஒரு அடுக்கு முழுசாக இறுகும் முன்பே அடுத்த அடுக்கு போடுவார்கள். இரண்டும் வேதியியல் ரீதியாகப் பின்னிக்கொண்டு ஒரே உடம்பாகிவிடும். ஆனால் ஐந்து வருஷம் ஓடிய படகு முழுசாக இறுகிப்போன படகு. அதன் மேல் புதிதாக எதைப் போட்டாலும் பின்னிக்கொள்ள அங்கே யாரும் காத்திருப்பதில்லை. கீறல்களில் ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் பிடிமானம் மட்டும்தான் மிச்சம். அதாவது, அது வெறும் பசை வேலை.

பசை என்று பார்த்தால் பாலியஸ்டர் சுமார்தான். இறுகும்போது அது கணிசமாகச் சுருங்கும், சில ரெசின்களில் 7 சதவீதம் வரைக்கும். சுருங்கும்போதே ஒட்டின இடத்தை இழுத்துக்கொண்டு வரும். எபாக்ஸி சுருங்குவது மிகக் குறைவு. கூடவே, விரிசல் விடாமல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும் குணமும் அதற்கு அதிகம். 1969இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கிய கூஜன் பிரதர்ஸ் நிறுவனம், மரப்படகுக்காக உருவாக்கிய எபாக்ஸியைப் பிறகு பாலியஸ்டர் படகு ரிப்பேருக்கும் பரிந்துரைத்து, அதற்கென்றே கையேடும் வெளியிட்டது. இன்று உலகம் முழுக்க இதுவே வழக்கம்.

அதுக்காக நம் கடற்கரையில் பாலியஸ்டரை வைத்தே பாலியஸ்டரை ஒட்டுகிறார்களே, அது தப்பா என்றால், இல்லை. நன்றாகத் தேய்த்து, சரிவு கொடுத்துப் போட்டால் அதுவும் ஓடும். எபாக்ஸி விலை கூடுதல் என்பதும் உண்மை. ஆனால் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே, அடிக்கட்டையில், எஞ்சின் மாட்டும் பின்பலகையில் வரும் ஒட்டுக்கு எபாக்ஸிக்குச் செலவழிக்கலாம் என்பதே நம் கருத்து. மேலே ஜெல்கோட்டில் விழுந்த கீறலுக்கு அதெல்லாம் தேவையில்லை.

தலைகீழாகப் போட்டால்?

எபாக்ஸி மேல் பாலியஸ்டர் போடலாமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் சிக்கல்.

எபாக்ஸி ஹார்டனரில் இருப்பது அமீன் என்ற பொருள். எபாக்ஸி அரைகுறையாக இறுகியிருந்தாலோ, கலவை விகிதம் தப்பியிருந்தாலோ, மேற்பரப்பில் அமீன் மிச்சம் இருக்கும். அதன் மேல் பாலியஸ்டரோ ஜெல்கோட்டோ பூசினால், தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய அடுக்கு மட்டும் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். மேலே தட்டினால் கெட்டி, அடியில் ஜாம். ஒரு நாள் முழு ஜெல்கோட்டும் அப்பளம் மாதிரி உரிந்து வரும்.

ஒழுங்கான விகிதத்தில் கலந்து, முழுசாக இறுகவிட்டு, கழுவி, தேய்த்த எபாக்ஸி மேல் ஜெல்கோட் நிற்கும் என்று சோதித்துச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அத்தனை 'ஒழுங்காக'வும் ஒரே நேரத்தில் அமைவது பட்டறை நிலவரத்தில் கஷ்டம். எனவே எபாக்ஸி ஒட்டு போட்டால் மேலே பாலியூரித்தேன் பெயிண்ட் அடித்து முடிப்பது நிம்மதி. ஜெல்கோட் பளபளப்புதான் வேண்டும் என்றால் தொடக்கத்திலிருந்தே பாலியஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ரெசினில் ரிப்பேரைத் திட்டமிடலாம்.

பெயிண்ட் அடிக்காமல் மட்டும் விடக்கூடாது. எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி, சுண்ணாம்புபோல் உதிரும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வீரியமும் கூடும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். குளிருதேன்னு வெயிலைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மட்டும் ஏன் உரிந்து விழுகிறது?

இடையில் ஒரு சின்னச் சந்தேகம் வரலாம். மாடியில் உள்ள கருப்புத் தொட்டியில் ஒழுகும் இடத்தில் எபாக்ஸி புட்டி வைத்து அடைத்தால் ரெண்டே வாரத்தில் கையோடு வருகிறதே? அந்தப் புட்டியின் குறை அல்ல. அந்தத் தொட்டி பாலித்தீன். பாலித்தீன் மேல் எபாக்ஸி ஒட்டவே ஒட்டாது. எபாக்ஸி கலக்க பிளாஸ்டிக் டப்பா தோது என்பதும் இதனால்தான், காய்ந்ததும் தட்டினால் விழுந்துவிடும். படகுக் கடையில் 'பிளாஸ்டிக் போட்' என்று விற்கும் சில சிறிய படகுகள் இதே பாலித்தீன் வகை. உங்கள் படகு எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓரத்தில் இழை இழையாகக் கண்ணாடி தெரிந்தால்தான் ஃபைபர்.

சரி, எப்படிப் போடுவது?

முதலில் காய வேண்டும். ஈரம் ஊறிய ஃபைபர் மேல் எதுவும் நிற்காது. சோதிக்க எளிய வழி: ஒட்டுப்போடும் இடத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடிவிட்டு, வெயில் படும்படி விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அடுத்து மெழுகு. இதில் வரிசை முக்கியம், பலரும் மாற்றிச் செய்வார்கள். படகு அச்சிலிருந்து பிரிந்து வருவதற்காக மெழுகு பூசியிருப்பார்கள். உள்பக்கம் காற்று பட்டால் பாலியஸ்டர் பிசுபிசுக்கும் என்பதால் கடைசி அடுக்கு ரெசினிலும் மெழுகு கலந்திருப்பார்கள். அந்த மெழுகை எடுக்காமல் நேராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மெழுகு போகாது, கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். எனவே முதலில் சுத்தமான வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் வழித்தெடுக்க வேண்டும். பிறகுதான் 80ஆம் நம்பர் உப்புத்தாள். பளபளப்பு முழுசும் போய் மங்கலாக வேண்டும்.

சுத்தமாச்சா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவி நனைத்தால் சரி. பிறகு அந்தத் தண்ணீரையும் காயவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டைக்கு மேல் அப்படியே ஒரு துண்டை வைத்து மூடினால் அது மூடி, ஒட்டு இல்லை. ஓரத்தைச் சாய்வாகச் சீவி, தட்டு மாதிரிச் சரிவு கொடுக்க வேண்டும். தடிமனைப் போல் 12 மடங்கு சரிவு என்பது பொதுவான கணக்கு. படகு ஓடு 6 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர். அதாவது 5 சென்டிமீட்டர் ஓட்டைக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வட்டத்தைச் சீவ வேண்டும். நல்ல படகை எதுக்குச் சீவணும் என்று மனசு வராது. ஆனால் ஒட்டின் பலம் முழுக்க அந்தச் சரிவில்தான் இருக்கிறது, ஓட்டைக்குள் இல்லை.

இனி கண்ணாடி இழை. நம் ஊர்ப் பட்டறைகளில் கைக்கு முதலில் கிடைப்பது மேட், அதாவது துண்டு துண்டு இழைகளைப் பசை தூவி ஒட்டிய விரிப்பு. பாலியஸ்டருக்கு அருமையாக வேலை செய்யும். எபாக்ஸிக்கு வேண்டாம். ஏனென்றால் அந்தத் தூள் பசை ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. பசை கரையாமல் நிற்கும், மேட் விறைப்பாகவே இருக்கும், வளைவில் படியாது, உள்ளே காற்றுக் குமிழ் அகப்படும். நெய்த துணி, ரோவிங், தைத்து வரும் இழைத்துணி இவைதான் எபாக்ஸிக்குத் தோது.

சீவிய இடம் முழுக்க முதலில் வெறும் எபாக்ஸியைத் தூரிகையால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே இழைத்துணியை வைத்து, ரோலரால் காற்றை வெளியேற்ற வேண்டும். பெரிய துண்டை முதலில் வைப்பதா, சின்னதை முதலில் வைப்பதா என்பதில் வேலைக்காரர்களிடையே இன்றும் சண்டை உண்டு. பெரியதை முதலில் வைத்தால் அது சரிவு முழுவதையும் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பது ஒரு தரப்பு வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

குழியைச் சமப்படுத்த கார் டிங்கரிங் கடையில் கிடைக்கும் புட்டியைத் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே போட வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சும். எபாக்ஸியிலேயே சிலிகா தூள் கலந்து கெட்டியாக்கிக்கொள்ளலாம்.

மலையில் மட்டும் கூடுதல் தொல்லை

கடற்கரையில் எழுதிய குறிப்பை அப்படியே கோத்தகிரியிலோ ஊட்டியிலோ பின்பற்றினால் மாட்டிக்கொள்வோம். காரணம் குளிர், மூடுபனி.

வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் எபாக்ஸி இறுக ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். நாகப்பட்டினத்தில் 30 டிகிரியில் மாலைக்குள் இறுகும் ஒட்டு, இங்கே டிசம்பர் காலையின் 10 டிகிரியில் நாள் கணக்கில் இழுக்கும். சில ஹார்டனர்கள் 15 டிகிரிக்குக் கீழே முழுசாக இறுகவே இறுகாது. வேகமான ஹார்டனர் வாங்குவது ஒரு வழி. ரெசின் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கிக் கலப்பது இன்னொரு வழி. ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றித் தார்ப்பாய் கூடாரம் கட்டி உள்ளே பல்பு எரிய விடலாம், துணியும் தாளும் பல்பைத் தொடாமல்.

கரியடுப்பும் கேஸ் ஹீட்டரும் மட்டும் வேண்டாம். மூடிய அறைக்குள் கரி மூட்டி மூச்சுத்திணறி இறந்த செய்திகளை மலைப்பகுதிகளிலிருந்து நாமே எத்தனையோ முறை போட்டிருக்கிறோம். அது தவிர, எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் எபாக்ஸிக்கும் எதிரி. காற்றின் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் அமீனோடு சேர்ந்து, இறுகிய எபாக்ஸி மேல் எண்ணெய் தடவினது மாதிரி மெழுகுப் படலம் ஒன்றை உண்டாக்கும். மூடுபனி நாளில் இது கட்டாயம் எதிர்பார்க்க வேண்டியது. அடுத்த அடுக்கோ பெயிண்டோ அதன் மேல் போட்டால் உரியும்.

நல்ல வேளையாக இந்தப் படலம் தண்ணீரில் கரையும். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் வெறும் தண்ணீரும் போதும். தின்னர் போட்டுத் துடைத்தால் பூசி மெழுகும், போகாது. முதலில் கழுவு, பிறகு உப்புத்தாள்.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது. பிப்ரவரி, மார்ச்சின் உலர்ந்த மதியங்கள் தோது. சீசனுக்கு முன் வேலையும் முடிந்துவிடும்.

இன்னொன்று, ஏரித் தண்ணீர் நன்னீர். உப்புத் தண்ணீர்தான் படகைக் கெடுக்கும் என்று நினைப்போம். கொப்புள நோயில் அது தலைகீழ். ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் துளித்துளியாக உள்ளே போய், பாலியஸ்டரில் மிச்சமிருக்கும் பொருட்களோடு சேர்ந்து அமிலத் திரவமாகும். அது மேலும் தண்ணீரை இழுக்கும், ஜெல்கோட் கொப்புளமாக எழும்பும். உள்ளும் வெளியும் அடர்த்தி வித்தியாசம் அதிகமாக இருக்கும் நன்னீரில்தான் இந்த இழுப்பு பலம். குளிர்ந்த நீரில் வேகம் குறையும் என்பது மட்டும் நமக்கு ஆறுதல். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் வாடையோடு திரவம் வந்தால் இதுதான். உடைத்து, கழுவி, வாரக்கணக்கில் காயவிட்டு, பிறகு எபாக்ஸி பூச வேண்டும். காயாமல் பூசினால் நோயை உள்ளே வைத்துத் தைத்த கதை.

கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து என்ன?

எபாக்ஸி வாடை குறைவு என்பதால் பலர் வெறுங்கையில் எடுப்பார்கள். இன்று ஒன்றும் ஆகாது, நாளையும் ஆகாது. ஒரு நாள் தோல் ஒவ்வாமை தொடங்கும், தொடங்கினால் ஆயுசுக்கும் போகாது. அதன் பிறகு பக்கத்தில் போனாலே அரிக்கும். கையுறை கட்டாயம். கையில் பட்டால் தின்னரால் கழுவாமல் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

பாலியஸ்டர் பக்கம் ஆபத்து எம்.இ.கே.பி.யில். ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலந்து முடித்த பிறகே மற்றது.

கலந்த எபாக்ஸியை ஆழமான டம்ளரில் நிறைத்து வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பது பாதுகாப்பு. மெழுகு பூசிய காகிதக் கப்பும் வேண்டாம், மெழுகு ரெசினில் இறங்கும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் கப்புகளுக்கு எப்படியும் தடைதான். பழைய பெயிண்ட் டின் மூடி, உதவாத எவர்சில்வர் தட்டு என எது இருந்தாலும் போதும். மிச்சத்தை ஓடையில் ஊற்றாமல், இறுகவிட்டுக் கெட்டியான பிறகு குப்பையில் சேர்க்க வேண்டும்.

போட்ட ஒட்டு பிடித்ததா, எப்படித் தெரியும்?

நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் இறுகவில்லை. உப்புத்தாள் போட்டால் வெள்ளைத் தூளாக உதிர வேண்டும், தாளில் பிசினாகச் சுருண்டு ஒட்டினால் இன்னும் நாள் இருக்கிறது, அல்லது விகிதம் தப்பிவிட்டது. பிறகு ஒரு நாணயத்தால் ஒட்டு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். காற்று அகப்பட்ட இடத்திலும், ஒட்டாமல் உரிந்து நிற்கும் இடத்திலும் சத்தம் மொத்தையாக மாறும். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு, சீவி எடுத்து, மறுபடியும் போட வேண்டும். வார இறுதியில் ஆள் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால், அடுத்து அந்த வட்டம் எங்கே இருந்தது என்று படகில் ஏறுகிற யாருக்கும் தெரியாது.